1905, கோலாலம்பூர்: இரண்டு வார்டு, இரண்டு அரிசி

1905 டிசம்பர் 5. கோலாலம்பூர் மனநல மருத்துவமனையின் சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகள் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, இடது கோடியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்குப் போனார்கள். இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குப் பக்க வார்டுக்கு. இரண்டு கட்டடமும் அச்சாக ஒன்றுபோல் இருந்தன. நடுவில் முற்றம், சுற்றி உயரமான மதில். சாப்பாட்டிலும் ஒன்றைத் தவிர வித்தியாசம் கிடையாது. கிழக்கு வார்டுக்கு அதுவரை போட்டு வந்த, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வரும் தீட்டிய பச்சரிசிச் சோறு. மேற்கு வார்டுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசிச் சோறு. புதிதாகச் சேர்ந்தவர்களையும் இதே மாதிரி பிரித்தே அனுப்பினார்கள்.

1906 டிசம்பர் கடைசியில் கணக்கை முடித்தார்கள். பச்சரிசி வார்டில் மொத்தம் 120 பேர். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி, அதாவது கால் மரத்து, வீங்கி, உயிரையே வாங்கும் நோய் கண்டது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் வார்டில் 123 பேர். பெரிபெரி இருந்தது இரண்டே பேருக்கு, அந்த இருவரும் உள்ளே வரும்போதே நோயோடு வந்தவர்கள். பெரிபெரியால் ஒருவர்கூட இறக்கவில்லை.

இதை நடத்தியவர் கோலாலம்பூர் மாவட்ட மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிளெட்சர். 1907-ல் லான்செட் மருத்துவ இதழில் அறிக்கை வெளியிட்டார்.

வைட்டமின் வரலாறு சொல்பவர்கள் பெரும்பாலும் 1747-ல் கப்பலில் ஸ்கர்வி நோயாளிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பார்த்த ஜேம்ஸ் லிண்டிடம் தொடங்குவார்கள். அப்புறம் ஜாவாவில் பெரிபெரி போன்ற நோய் வந்த கோழிகளைக் கவனித்த டச்சு மருத்துவர் எய்க்மானிடம் போவார்கள். கோலாலம்பூர் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் மனிதர்களை இரண்டாகப் பிரித்து, ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றி, ஓராண்டுக்கு மேல் பொறுமையாகப் பார்த்த வேலை இந்த ஊரில் நடந்தது. அதில் உயிர் காத்த அரிசி நம் வீட்டு அரிசி. மலேசியத் தமிழர்கள் இந்த நிகழ்வை முழுசாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பெருமை பேசுவதற்காக இல்லை. அந்த அரிசி நம் முன்னோர்களைக் காப்பாற்றிக் கொண்டிருந்தபோது, அது காப்பாற்றுகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. பழக்கமாக வந்த பாதுகாப்பு, பழக்கம் மாறினால் சத்தமில்லாமல் போய்விடும். இன்று நம் சாப்பாட்டில் அப்படி எது எது போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை

அந்தக் காலத்து மலாயாவில் பெரிபெரி மலேரியாவைப் போலவே மக்களை அச்சுறுத்திய நோய். லாருட், கிந்தா, சிலாங்கூர் ஈயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனத் தொழிலாளிகளைக் கூட்டம் கூட்டமாக அது படுக்க வைத்தது. சிறைகளிலும் மருத்துவமனைகளிலும்கூடப் பரவியது.

முதலில் கால் கனக்கும், பாதம் மரத்துப் போகும். கெண்டைக்காலை லேசாக அழுத்தினாலே நோயாளி துடிப்பார். நாளாக ஆகப் பாதத்தைத் தூக்க முடியாமல் முன்பாதம் தரையில் இழுபடும். இது நரம்பைப் பிடிக்கும் உலர் பெரிபெரி. இதயத்தைப் பிடிப்பது ஈரப் பெரிபெரி: கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும், மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். காலையில் பேசிக்கொண்டிருந்தவர் இரவுக்குள் இறந்து போவதும் உண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இன்றும் இருக்கிறது. குந்தி உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழச் சொல்வார்கள். தொடையும் காலும் ஒத்துழைக்காது. பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வழியில்லாத இடத்தில் இந்த ஒரு அசைவு நிறையச் சொல்லிவிடும்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே கொசு. ஆனாலும் சுரங்கத்துச் சீனர்களுக்கு வரும் பெரிபெரி தோட்டத்துத் தமிழர்களுக்கு அபூர்வமாகவே வந்தது. கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்களுக்கும் அப்படியே. மூன்று பேரும் சோறு தின்பவர்கள்தான். சோறு ஆன வழிதான் வேறு. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை வீட்டு உரலில் அவ்வப்போது குற்றிக்கொண்டார்கள்; தவிடு முழுசாகப் போகாது. தமிழர்கள் தோட்டத்தில் வாங்கியது இறக்குமதியான புழுங்கல் அரிசி. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்களுக்கு அதுதான் பழகிய சோறு. வேறு அரிசி இறங்காது. சீனத் தொழிலாளிகள் சாப்பிட்டதோ ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி.

அரிசியே காரணம் என்று பிராடன் வாதாடினார். 1907-ல் தனி நூலே எழுதினார். ஆனால் சக மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. காலராவுக்குக் கிருமி, காசநோய்க்குக் கிருமி என்று ஒவ்வொன்றாகத் தெரிந்து வந்த காலம் அது. ஒரு நோய் ஒரே கட்டடத்தில் பலரைப் பிடித்தால் அந்தக் கட்டடத்தில் கிருமி குடியிருக்கிறது என்று நினைப்பதே இயல்பு. ஏதோ ஒன்று இல்லாததால் நோய் வரும் என்ற எண்ணம் அவர்கள் படிப்பிலேயே இல்லை.

ஃபிளெட்சரின் மருத்துவமனையிலும் 1905-ல் பெரிபெரி கடுமையாகத் தாக்கிப் பலரைக் கொன்றிருந்தது. அதனால்தான் அந்த டிசம்பர் வரிசை.

கட்டடத்தை மாற்றிய முடிவு

சில மாதங்களில் கிழக்கு வார்டில் நோய் தலைகாட்டியது, மேற்கு வார்டில் இல்லை. அரிசிதான் என்று அங்கேயே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் கட்டடத்தில் கிருமி என்பவர்கள், கிழக்கு வார்டின் தரையைக் கைகாட்டியிருப்பார்கள். ஃபிளெட்சர் 1906-ன் நடுவில் இரண்டு பக்கத்தாரையும் இடம் மாற்றினார். பச்சரிசிக்காரர்கள் சுத்தமாக இருந்த மேற்கு வார்டுக்கு வந்தார்கள்; புழுங்கல்காரர்கள் நோய் புகுந்த கிழக்கு வார்டுக்குப் போனார்கள். அரிசி மட்டும் அவரவர்க்கு அதேதான். நோய் கட்டடத்தோடு நிற்கவில்லை. அரிசியோடு இடம் மாறிப் போனது.

இந்த ஆய்வின் உயிர் இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது என்பேன். தன் முடிவுக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிகப் பலமான வாதம் எதுவோ, அதை அவரே எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார். நம் வாட்சப் குழுக்களில் வரும் ‘இதைச் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது’ செய்திகள் எதிலும் இந்த ஒரு படி இருக்காது.

குறைகளும் உண்டு. குலுக்கல் இல்லாமல் ஒற்றை இரட்டை என்று பிரித்தார்கள். யார் எந்த அரிசி சாப்பிடுகிறார் என்பது மருத்துவருக்கும் தெரியும், நோயாளிக்கும் தெரியும். ஆனால் ஒரு பக்கம் 18 சாவு, மறுபக்கம் ஒன்றுமில்லை என்கிறபோது, இந்தக் குறைகளால் முடிவு மாறாது.

அந்தப் 18 பேரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்கள் மனநலம் குன்றி மதிலுக்குள் அடைபட்டவர்கள். எந்தச் சோறு வேண்டும் என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லி வெளியேற வழியில்லை. அரிசிதான் என்பது பாதி ஆண்டிலேயே தெரியத் தொடங்கிய பிறகும் பச்சரிசி தொடர்ந்தது. இன்று இப்படி ஓர் ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. ஒரு பக்கம் சாவு கூடுகிறது என்று தெரிந்த உடனே நிறுத்தச் சொல்வார்கள். நமக்குக் கிடைத்த அறிவின் விலை அவர்கள் கொடுத்தது. அதைச் சொல்லாமல் இந்த ஆய்வைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

சரியான விடை, தவறான காரணம்

பச்சரிசி நேரடியாகவோ மறைமுகமாகவோ பெரிபெரிக்குக் காரணம் என்பது ஃபிளெட்சரின் முடிவு. அதில் நஞ்சு இருக்கலாம், அல்லது சத்துப் போதாமல் இருக்கலாம் என்று இரண்டையும் திறந்தே வைத்தார். பிராடன் நஞ்சுப் பக்கம் நின்றார். ஜாவாவில் எய்க்மானும் முதலில் அப்படித்தான் நினைத்தார். அவருக்குப் பின் அந்த வேலையைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901-லேயே, தவிட்டில் இருக்கும் ஏதோ ஒன்று உடம்புக்குத் தேவை, அது இல்லாவிட்டால் நோய் என்று தெளிவாகச் சொன்னவர்.

இங்கே அதை உறுதிசெய்தவர்கள் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும். 1900-ல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்தவர்கள். 1907-ல் நெகிரி செம்பிலான், ஜெலெபு காட்டுப் பக்கம் சாலை போடும் வேலையில் இருந்த ஜாவாத் தொழிலாளிகள் சுமார் 300 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பச்சரிசி தின்ற கூட்டத்தில் ஏறக்குறைய மூன்று மாதத்தில் பெரிபெரி வந்தது. புழுங்கல் கூட்டத்தில் வரவில்லை. அரிசியை மாற்றியபோது நோயும் பக்கம் மாறியது. அப்புறம் ஆய்வுக்கூடத்தில், தீட்டும்போது உதிரும் தவிட்டைப் பச்சரிசியோடு சேர்த்துக் கோழிகளுக்குக் கொடுத்தபோது நோய் வரவில்லை. நஞ்சு இருந்திருந்தால் தவிடு சேர்த்த பிறகும் இருந்திருக்க வேண்டுமே. 1910-ல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவர் மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்வதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டது.

மீதி வேகமாக நடந்தது. 1912-ல் காசிமிர் ஃபங்க் இந்த மாதிரிப் பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயர் வைத்தார். 1926-ல் யான்சனும் டோனாத்தும் பத்தாவியாவில் (இன்றைய ஜக்கார்த்தா) தவிட்டிலிருந்து தயமினை, அதாவது வைட்டமின் பி1-ஐப் பிரித்தெடுத்தார்கள். 1929-ல் எய்க்மானுக்கு நோபல் பரிசு. 1936-ல் ராபர்ட் வில்லியம்ஸ் தயமினைச் செயற்கையாகச் செய்துகாட்டினார்.

அவித்த நெல்லுக்குள் என்ன நடக்கிறது

நெல்லில் தயமின் பெரும்பாலும் தவிட்டுப் படலத்திலும் முளைக்கருவிலும் இருக்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி மாவுச்சத்து. பச்சை நெல்லை ஆலையில் போட்டுத் தீட்டினால் படலமும் கருவும் தவிடாகப் போய்விடும், தயமினும் கூடவே போகும். புழுங்கலுக்கு நெல்லை உமியோடு ஊற வைத்து, அவித்து, காய வைத்து, அதற்கப்புறம்தான் அரைக்கிறார்கள். ஊறும்போது தயமின் தண்ணீரில் கரைகிறது. அவிக்கும்போது அந்த ஈரத்தோடு மணியின் உள்ளே இறங்குகிறது. மாவுச்சத்து இளகி, பிறகு இறுகி, அதை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் தீட்டினாலும் பாதிக்குக் குறையாமல் தங்கும். புழுங்கல் மணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் லேசான மஞ்சள் சாயலும் கண்ணாடி மாதிரி ஒரு மினுக்கும் தெரியும். பல்லில் கடித்தால் பச்சரிசியைவிடக் கடினமாக இருக்கும். அந்த இறுக்கம்தான் சத்தைப் பூட்டி வைத்த இறுக்கம்.

கணக்காகவே பார்ப்போம். 100 கிராம் தீட்டாத அரிசியில் சுமார் 0.4 மில்லிகிராம் தயமின். புழுங்கலில் சுமார் 0.2. தீட்டிய பச்சரிசியில் சுமார் 0.07. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1.1 முதல் 1.2 மில்லிகிராம். உடல் உழைப்பாளி ஒருவர் நாளுக்கு அரைக் கிலோ அரிசிச் சோறு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், பச்சரிசி கொடுப்பது 0.35; புழுங்கல் கொடுப்பது 1.0. கூடக் கொஞ்சம் பருப்பு, கருவாடு இருந்தாலே புழுங்கல்காரருக்குக் கணக்கு நேராகிவிடும். பச்சரிசிக்காரருக்கு ஆகாது. பச்சரிசியைக் களையும்போது அந்த 0.35-லும் கணிசமான பங்கு கழனித் தண்ணீரோடு போய்விடும்.

இன்னொன்று. மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக்க உடம்புக்குத் தயமின் வேண்டும். சோறு கூடக் கூடத் தயமின் தேவையும் கூடும். அதனால்தான் பெரிபெரி பட்டினிக்காரர்களின் நோயாக இல்லை. வயிறு நிறையச் சோறு தின்று, கடுமையாக உழைத்த வாலிபர்கள் விழுந்தார்கள். நரம்பும் இதயமும் இடைவிடாமல் சக்தி கேட்கும் உறுப்புகள், ஆகவே முதல் அடி அங்கேதான். உடம்பில் தயமினின் மொத்தச் சேமிப்பே 25 முதல் 30 மில்லிகிராம்தான். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும்.

பழக்கம் கைவிட்டபோது

தமிழர்களுக்கு இயற்கையாகவே பெரிபெரி வராது என்று யாராவது அப்போது நினைத்திருந்தால், 1942-43 அதைப் பொய்யாக்கியது. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். அங்கே போட்டது தீட்டிய அரிசிச் சோறும் பேருக்கு ஒரு குழம்பும். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, புண் இவற்றோடு பெரிபெரியும் சேர்ந்து கொன்றது. திரும்பி வந்தவர்கள் கால் வீங்கிச் செத்தவர்களைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார்கள். பல குடும்பங்களில் அந்தப் பேச்சு இன்னும் இருக்கிறது. ரத்தத்தில் ஒரு பாதுகாப்பும் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் சோற்றுப் பானையில்தான்.

அதே போரில் சிங்கப்பூர் சாங்கி சிறை முகாமில் இருந்த மருத்துவர்கள், தயமின் குறைவு மூளையையும் தாக்கி, கண் ஆட்டம், தள்ளாட்டம், குழப்பம் என்று கொண்டுவிடுவதை 52 நோயாளிகளிடம் பதிவுசெய்து 1947-ல் வெளியிட்டார்கள். அதுவரை குடிகாரர்களின் நோய் என்று பெயரெடுத்திருந்த வெர்னிக்கே மூளை நோய், குடிக்காத கைதிகளுக்கும் வந்தது.

எல்லாம் பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2014, 2015 வாக்கில் கடத்தல்காரர்களின் படகிலும் காட்டு முகாமிலும் மாதக்கணக்கில் வெறும் வெள்ளைச் சோற்றில் கிடந்துவிட்டு மலேசியா வந்து சேர்ந்த ரோஹிங்கியா அகதிகள் பலர் நடக்க முடியாமல் வந்தார்கள். அது பெரிபெரி. ஃபிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி நூறு ஆண்டு தாண்டியும் இது நடந்தது.

இன்றைய சாப்பாட்டில் தீட்டப்பட்டவை

இன்று கோலாலம்பூர்த் தமிழர் வீட்டில் பெரிபெரி சாதாரணமாக வருவதில்லை. முட்டை, கோழி, பயறு, பால் என்று பல பக்கமிருந்தும் தயமின் வந்துவிடுகிறது. அரிசி மட்டும் மாறிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பரிமாறுபவர் ‘புழுங்கலா, வெள்ளையா?’ என்று இன்னும் கேட்கிறார். இளையவர்கள் பெரும்பாலும் வெள்ளை என்பார்கள். வீட்டிலும் வாசனை அரிசி, பாஸ்மதி. சரி, அதனால் மட்டும் யாரும் படுத்துவிடப் போவதில்லை. ஆனால் ஃபிளெட்சர் காட்டிய அதே மாதிரிக் குறைபாடுகள், வயிறு நிறைந்திருக்கும்போதே வரும் குறைபாடுகள், வேறு வைட்டமின்களில் நம்மிடம் இருக்கின்றன.

என் கவலை முதலில் பி12 மேல்தான். 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நம் பேச்சில் இனிப்பு நீர். இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோர் எடுக்கும் முதல் மாத்திரை மெட்ஃபோர்மின். நல்ல மருந்து, நிறுத்தக் கூடாது. ஆனால் பல ஆண்டு எடுத்தால் குடலில் பி12 உறிஞ்சப்படுவதை அது குறைக்கும். அளவு கூடினால் இந்தப் பாதிப்பும் கூடும். நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல் மாதிரி மாத்திரையும் நீண்ட காலம் சேர்ந்தால் இன்னும் மோசம். பி12 குறைந்தால் என்ன ஆகும்? பாதம் எரியும், மரக்கும், நடை தள்ளாடும், மறதி வரும், நாக்கு வழவழவென்று சிவந்து புண்ணாகும். இதில் முதல் இரண்டும் இனிப்பு நீர் முற்றினாலும் வருபவை. ‘ராத்திரி போர்வை பட்டால்கூடக் கால் எரியுது’ என்று சொன்னால், வீட்டில் எல்லாரும் ‘இனிப்பு நீர் இருந்தா அப்படித்தான்’ என்று சமாதானம் சொல்லிவிடுவார்கள். சர்க்கரையால் வந்த நரம்புக் கேடு முழுசாகத் திரும்புவது கடினம். பி12 குறைவால் வந்ததாக இருந்தால், சீக்கிரம் பிடித்தால் திரும்பும்; தாமதித்தால் அதுவும் நிரந்தரமாகிவிடும். இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை போதும். மெட்ஃபோர்மின் தொடங்கி நான்கைந்து ஆண்டு ஆகியிருந்தால், அடுத்த முறை கிளினிக்கில் மூன்று மாதச் சர்க்கரை அளவோடு பி12-ஐயும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

முழுச் சைவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பி12 நம்பிக்கையாகக் கிடைப்பது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான். இட்லி மாவு புளிப்பதாலோ, தெம்பே சாப்பிடுவதாலோ, கடற்பாசியாலோ தேவையான அளவு வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. பால் தயிரையும் விட்டவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். அதே சமயம் வெள்ளிக்கிழமை சைவத்தையோ புரட்டாசி விரதத்தையோ நினைத்துப் பயப்பட வேண்டாம். தயமின் மாதிரி இல்லை இது. கல்லீரலில் சேர்ந்திருக்கும் பி12 சில ஆண்டுகளுக்குத் தாங்கும். குறைவும் அதனால்தான் மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது.

ஒரு எச்சரிக்கை: பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் அள்ளிப் போட்டால் ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ஃபார்மசியில் தானாக வாங்கும் ‘நரம்புச் சத்து’ மாத்திரைகளிலும் ஒன்று கவனிக்க வேண்டும். பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் அதுவே கால் மரத்துப் போகக் காரணமாகும். ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைபவை, உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பிணிகளுக்கு ஏ அதிகமானால் கருவுக்குக் கேடு.

வைட்டமின் டி விஷயத்தில் நம் ஊர் நிலைமை பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆண்டு முழுக்க வெயில். ஆனாலும் மலேசிய ஆய்வுகளில் நகரத்து மலாய், இந்தியப் பெண்களிடம் டி குறைவு திரும்பத் திரும்பத் தெரிகிறது. கருத்த தோல் வெயிலிலிருந்து டி செய்யக் கூடுதல் நேரம் எடுக்கும். நாமோ அடுக்குமாடி வீட்டிலிருந்து கார், காரிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து மால் என்று நிழலிலேயே ஓடுகிறோம். பிள்ளைகளில் எலும்பு வளைவது, பெரியவர்களில் எலும்பு நோவதும் தசை சோர்வதும் இதன் விளைவுகள். கையும் காலும் வெளியே தெரிய, வாரத்தில் சில நாள் பகல் வெயிலில் சிறிது நேரம் நடந்தாலே உதவும். வீட்டில் எப்போதும் கிடக்கும் சார்டின் டின்னும் நல்ல ஆதாரம்; முட்டை மஞ்சள் கரு கொஞ்சம் கொடுக்கும்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்பனைப் பழத்திலிருந்து பிழிந்ததும் வரும் எண்ணெய் செக்கச்செவேல் என்று இருக்கும். அந்தச் சிவப்பு கரோட்டின், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுவது. சுத்திகரித்து நிறம் எடுக்கும்போது அது போய்விடுகிறது. அரிசிக்கு நடந்தது எண்ணெய்க்கும் நடக்கிறது. ஏ குறைவால் வரும் மாலைக்கண் வராமல் இருக்க எண்ணெயை மாற்றத் தேவையில்லை. கேரட், பரங்கிக்காய், பப்பாளி, முருங்கைக்கீரை, பசலைக்கீரை இவற்றைக் கொஞ்சம் எண்ணெயோடு சமைத்தால் போதும். குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதில் ஏ சத்து போதாத இனிப்புக் கெட்டிப்பால் கரைத்துக் கொடுக்கும் பழைய பழக்கம் எங்காவது மிச்சம் இருந்தால் அதை உடனே நிறுத்த வேண்டும்.

கல்யாணமான பெண்களுக்கு, கர்ப்பம் தரிக்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும். கரு தெரிந்த பிறகு தொடங்கினால் குழந்தையின் முதுகுத்தண்டு மூடும் நாள்கள் பெரும்பாலும் கடந்திருக்கும்.

அடுப்படிக்கு வருவோம். அரிசியை ஒன்று இரண்டு தடவை களைந்தால் போதும். தண்ணீர் தெளியும் வரை தேய்த்துக் கழுவ வேண்டாம். சோறு வடிக்கும் வீட்டில் கஞ்சியைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்க்கலாம். ரைஸ் குக்கரில் இந்தப் பிரச்சினையே இல்லை. கொண்டைக்கடலை சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா உப்பு போட்டால் அதில் இருக்கும் தயமின் அழிந்துவிடும். இரவே ஊறப் போடுங்கள். சாப்பாட்டோடு தே தாரிக் குடிக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. தேநீரின் துவர்ப்புப் பொருள் தயமினையும் இரும்புச் சத்தையும் மறிக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். வாரத்தில் பாதி நாளாவது புழுங்கலுக்கு வரலாம். ஆனால் இனிப்பு நீர் உள்ளவர்கள் புழுங்கல்தானே என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்ளக் கூடாது. மாவுச்சத்து மாவுச்சத்துதான். தயமினுக்குப் பச்சைப் பயறு, பட்டாணி, நிலக்கடலை, எள் நல்லவை. சாப்பிடும் வீடுகளில் பன்றி இறைச்சி மிக நல்ல ஆதாரம்.

இன்றும் தயமின் குறைவு நேரடியாகத் தாக்கும் சிலர் உண்டு. கர்ப்பத்தில் வாரக்கணக்கில் எதுவும் தங்காமல் வாந்தி எடுப்பவர்கள், எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள், இதய நோய்க்காக நீர் போகும் மாத்திரை நீண்ட நாள் எடுப்பவர்கள். எல்லாரையும்விட அதிகமாக, தினமும் குடிப்பவர்கள். சம்சு என்ற மலிவு மதுவோ பீரோ, எதுவானாலும் தயமினை உறிஞ்ச விடாது. குடிப்பவர் சாப்பிடுவதும் குறைவு. அப்படிப்பட்டவர் தள்ளாடி, கண் நிலைகொள்ளாமல், நேற்று நடந்ததை இன்று மறந்து பேசினால், போதை என்று படுக்க வைத்துவிடாதீர்கள். அது வெர்னிக்கேயாக இருக்கலாம். நாள் கடந்தால் ஞாபகம் திரும்பாமலே போகும். அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனதும், மானக்கேடு என்று மறைக்காமல், இவர் இத்தனை காலமாகக் குடிக்கிறார், இத்தனை நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு தீவிரமாகக்கூடும். நீங்கள் சொல்லும் அந்த ஒரு தகவலை வைத்துத்தான், குளுக்கோஸுக்கு முன்போ அதோடு சேர்த்தோ தயமின் ஊசியை அவர்கள் உடனே போடுவார்கள்.